யூதர் இல்லாத ஊரில் பிரசங்கம்

என் ஊழியத்தில் பாதி பிரசங்கம் செய்வது. மீதிப் பாதி மற்றவர்களின் பிரசங்கத்தைத் திருத்துவது. திருநெல்வேலிப் பக்கத்துச் சேகரங்களில் குருவாக இருந்துவிட்டு, பிறகு இறையியல் மாணவர்களுக்குப் பிரசங்கம் சொல்லிக்கொடுக்கப் போனேன். ஓய்வு பெற்ற பிறகும் சபை ஊழியர்களும் இளைய ஆயர்களும் விடுவதில்லை. சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டு உட்காரும்போது வாட்ஸ்அப்பில் நாலு பக்கம் வந்து விழும். “ஐயா, ஒரு பார்வை பாத்திருங்க.”

எழுத்துப்பிழை, நீளம், தேவையில்லாத கதை எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் நான் தேடுவது “யூதர்கள்” என்று வருகிற இடங்களை. பெரும்பாலும் மூன்றாவது பத்திக்குள் வந்துவிடும். “அந்தக் காலத்து யூதர்கள்” என்று வாக்கியம் தொடங்கும். பின்னாலேயே ஒரு குற்றம் வரும்: இரக்கமில்லாதவர்கள், சட்டத்தைக் கட்டி அழுதவர்கள், பெண்களை மதிக்காதவர்கள், வெளிவேஷக்காரர்கள். அதன் காலடியில் அடுத்த பத்தி, “ஆனால் இயேசுவோ” என்று எழும்பும். வகுப்பில் இதற்கு “ஆனால் இயேசுவோ பிரசங்கம்” என்றே பெயர் வைத்திருந்தோம். பையன்கள் சிரிப்பார்கள். அடுத்த வாரம் அதையே எழுதிக்கொண்டு வருவார்கள்.

அவர்களுக்கு யூதர் மேல் வெறுப்பு கிடையாது. வெறுக்க ஒரு யூதரைப் பார்த்திருக்கவேண்டுமே. 17-ஆம் நூற்றாண்டில் சென்னைப் பவளக்காரத் தெருவில் பவளமும் வைரமும் விற்ற யூத வியாபாரிகள் போய்ச் சேர்ந்து காலமாகிவிட்டது. கொச்சியில் 1568-ல் கட்டிய ஜெபஆலயம் நிற்கிறது. அதில் ஜெபித்தவர்களின் குடும்பங்கள் பெரும்பாலும் இஸ்ரேலுக்குப் போய்விட்டன. லண்டனிலோ நியூயார்க்கிலோ ஒருவர் இப்படிப் பேசினால், சபையில் உட்கார்ந்திருக்கிற யாருக்காவது யூத மருமகன் இருப்பான்; திங்கட்கிழமை போன் வரும். நம் ஊரில் போன் வராது. கேட்டு முகம் சுளிக்க ஆள் இல்லாததால் பிழை பிழையாகவே தெரிவதில்லை. தகப்பனிடமிருந்து மகனுக்கு, ஐயரிடமிருந்து உபதேசியாருக்கு அப்படியே போய்க்கொண்டிருக்கிறது.

நம் பிரசங்கத்தில் இது ஆழமாக வேர்விட்ட இடம் சுத்தம், தீட்டு பற்றிய பேச்சு. பெரும்பாடுள்ள, அதாவது தீராத இரத்தப்போக்குள்ள ஸ்திரீயின் கதையை எடுத்தால் பத்துக்கு ஒன்பது பேர் ஒரே மாதிரிப் பேசுவார்கள். யூதச் சட்டம் அவளைத் தீண்டத்தகாதவளாக்கி ஒதுக்கி வைத்தது, இயேசு அந்தச் சட்டத்தை உடைத்தார் என்று. கேட்பவர்களுக்கு உடனே புரிந்துவிடும்; தீட்டு என்றால் என்ன என்று தமிழனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பரிசேயன் அக்கிரகாரத்தில் உட்கார்ந்துவிடுவான், ஆசாரியன் பூணூல் போட்டுக்கொள்வான்.

ஆனால் லேவியராகமத்தில் இருப்பது வேறு சங்கதி. அங்கே தீட்டு எல்லாருக்கும் வரும். பிள்ளை பெற்றவளுக்கு, மனைவியோடு படுத்தவனுக்கு, செத்த தகப்பனைத் தூக்கிப் புதைத்தவனுக்கு, ஆசாரியனுக்கும்கூட. பிரேதத்தை அடக்கம்பண்ணுவது அவர்களுக்குப் பெரிய புண்ணியம். தீட்டு வரும் என்று தெரிந்தே செய்வார்கள். பெரும்பாலும் குளித்து, பொழுது சாயும்வரை அல்லது குறித்த நாள்வரை காத்திருந்தால் தீர்ந்தது. கலிலேயாவிலும் யூதேயாவிலும் தோண்டுகிற இடங்களில் எல்லாம் படி வைத்த முழுக்குத் தொட்டிகள் கிடைக்கின்றன, எருசலேம் ஆலயத்தின் தெற்குப் படிக்கட்டுப் பக்கத்திலும். அந்தத் தீட்டு பிறப்பில் ஒட்டுவதில்லை, பிள்ளைக்குப் போவதில்லை. ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் நடுவில் நிரந்தரமாகக் கோடு போடுவதும் இல்லை. தீண்டாமைக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

குஷ்டரோகியைச் சுகமாக்கியபின் இயேசு என்ன சொல்கிறார்? ஆசாரியனிடம் போய் உன்னைக் காட்டு, மோசே சொன்ன காணிக்கையைச் செலுத்து என்கிறார். சட்டத்தை உடைக்க வந்தவர் பேசுகிற பேச்சா இது? பெரும்பாடுள்ளவளை அந்தக் கூட்டத்தில் ஒருவரும் ‘நீ ஏன் இங்கே வந்தாய்’ என்று விரட்டவில்லை. தீட்டு என்ற பேச்சே அந்தச் சம்பவத்தில் எழவில்லை. எழுப்புகிறவர்கள் நாம்தான்.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன் எழுந்தான். சேரியில் பிறந்து வளர்ந்தவன், படிப்பில் கெட்டி. “ஐயா, எங்க சனங்க இந்தக் கதையிலதான் மூச்சு விடுறாங்க. தொடக்கூடாதுன்னு சொன்னவளை அவர் தொட்டார்னு கேட்டுத்தான் எங்கம்மா கோயிலுக்கு வந்தா. நீங்க இதை எடுத்துட்டா எங்களுக்கு என்ன மிஞ்சும்?”

நியாயமான கேள்வி. அர்விந்த் நிர்மல் போன்றவர்கள் 1980-களில் தலித் இறையியலைக் கட்டி எழுப்பியபோது இந்தக் கதைகளைப் பற்றிக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. அவர்களுடைய பசியை யூத வரலாற்றுத் திருத்தம் என்று சொல்லி அலட்சியப்படுத்தினால் அது இன்னொரு அநியாயம். அவனிடம் மாற்கு 5-ஆம் அதிகாரத்தை மறுபடி படிக்கச் சொன்னேன், யூதர்களைக் குற்றம்சொல்லாமல் அதில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொன்னேன்.

அடுத்த வாரம் அவன் கொண்டுவந்ததை இன்னும் நினைவில் வைத்திருக்கிறேன். யவீரு ஜெபஆலயத் தலைவன், ஊரில் பேர்பெற்றவன். அவன் மகள் சாகக்கிடக்கிறாள், அவசரம். அந்த அவசரத்துக்கு நடுவில் பேர் தெரியாத ஒருத்தி, வைத்தியர்களிடம் கையிலிருந்த காசெல்லாம் இழந்தவள், பின்னால் வந்து தொடுகிறாள். இயேசு நின்றுவிடுகிறார். பெரிய வீட்டு அவசரம் காத்திருக்கிறது. அவள் தன் கதை முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறது. இன்னொன்றையும் அவனே கண்டுபிடித்திருந்தான்: யவீரு இதற்கு ஒரு வார்த்தை முறுமுறுத்ததாக மாற்கு எழுதவில்லை. அந்த யூதத் தலைவன் பொறுமையாக நிற்கிறான். “நம்ம ஊர்ல பண்ணையார் வீட்டு ஆம்புலன்சு நிக்குமா ஐயா?” என்று அந்தப் பிரசங்கத்தை முடித்திருந்தான். வழக்கமான “ஆனால் இயேசுவோ” பிரசங்கத்தைவிடப் பத்து மடங்கு காரம்.

தீண்டாமையைப் பற்றிப் பேச நமக்கு யூதர்கள் தேவையில்லை. வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கோயிலில் சாதிக்கு ஒன்றாக இரண்டு கூடங்கள் வைத்து நடுவில் தடுப்பு போட்டார்கள். பிறகு அந்தத் தடுப்பை எடுத்ததற்கு வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. கல்லறைத் தோட்டத்தில் சுவர் நிற்கிற ஊர்கள் இன்றும் உண்டு. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய பரிசேயனைத் திட்டுவது சௌகரியம். கமிட்டியில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இந்தச் சௌகரியத்தைத்தான் நான் மாணவர்களிடமிருந்து பறிக்கப் பார்த்தேன்.

நல்ல சமாரியன் உவமையிலும் இதே கூத்து. ஆசாரியனும் லேவியனும், வழியில் அடிபட்டுக் கிடந்தவன் பிரேதமாக இருந்தால் தீட்டாகிவிடும், ஆலயத்தில் ஊழியம் செய்ய முடியாது என்று பயந்து விலகிப் போனார்கள் என்று பிரசங்கிப்பார்கள். லூக்கா அப்படிச் சொல்லவில்லை. ஆசாரியன் எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கிப் போகிறான். ஆலயம் அவனுக்குப் பின்னால் இருக்கிறது. கேட்பாரற்றுக் கிடக்கிற பிணத்தைப் பிரதான ஆசாரியனே கண்டாலும் அடக்கம்பண்ணத்தான் வேண்டும் என்று பிற்காலத்து யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. பின்னே ஏன் விலகிப் போனார்கள்? மார்ட்டின் லூதர் கிங், 1968 ஏப்ரல் 3-ந்தேதி மெம்பிஸில், தான் சுடப்படுவதற்கு முந்தின இரவு, இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். அந்த மலைப்பாதையை அவர் நேரில் பார்த்தவர். திருடர் பதுங்க வாகான பாதை. அவர்கள் பயந்திருக்கலாம் என்றார். பயம் என்று சொன்னவுடன் அந்த இரண்டு பேரும் நம்மைப் போல ஆகிவிடுகிறார்கள். தீட்டு என்று சொன்னால் அவர்கள் யாரோ.

இந்தச் சரக்கெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால் நம் புத்தக அலமாரியில் வந்து நிற்கும். எங்கள் தலைமுறை ஆயர்களுக்கு வில்லியம் பார்க்லே எழுதிய விளக்கவுரை இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை விடியாது. நல்ல எழுத்து, எளிய எழுத்து. எனக்கும் அவர்மேல் அன்பு உண்டு. பரிசேயரில் ஏழு வகை என்று அதில் ஒரு பட்டியல் வரும். பெண்ணைப் பார்க்கக்கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு நடந்து சுவரில் மோதி இரத்தம் வழிய நிற்கிறவன், தாழ்மையைக் காட்டக் கூன்போட்டு நடக்கிறவன் என்று போகும். மத்தேயு 23-க்குப் பிரசங்கம் எழுதுகிற எவனும் அதை விடமாட்டான். சபை விழுந்து விழுந்து சிரிக்கும்.

அந்தப் பட்டியல் தல்மூத்தில் இருக்கிறது. எழுதிவைத்தவர்கள் பரிசேயரின் வாரிசுகளான ரபிமார்களே. தங்கள் கூட்டத்துக்குள் இருந்த போலிகளைத் தாங்களே கிண்டல் செய்து எழுதியது. பட்டியலின் கடைசியில், பயத்தால் கீழ்ப்படிகிறவனும் அன்பினால் கீழ்ப்படிகிறவனும் வருகிறார்கள். அன்பினால் கீழ்ப்படிகிற பரிசேயனை ஆபிரகாமுக்கு ஒப்பிடுகிற வடிவமும் உண்டு. பார்க்லே அந்த நல்ல பரிசேயனையும் சொல்லத்தான் செய்கிறார். நம் பிரசங்கத்துக்கு வந்து சேரும்போது அவன் வழியில் காணாமல் போய்விடுகிறான், சுவரில் மோதுகிறவன் மட்டும் பத்திரமாக வந்துவிடுகிறான்.

பங்காளிச் சண்டை நமக்குத் தெரியாததா? வரப்புத் தகராறில் அண்ணன் தம்பியை என்னவெல்லாம் சொல்லித் திட்டுவான். அதையே பக்கத்து ஊர்க்காரன் வந்து சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்து அவனை அடிப்பார்கள். இயேசு பரிசேயரைக் கடிந்துகொண்டது, ஆமோசும் எரேமியாவும் தங்கள் ஜனத்தைக் கடிந்துகொண்டது எல்லாம் வீட்டுக்குள் பேசிய பேச்சு. நாம் பக்கத்து ஊர்க்காரர்கள். அந்த வார்த்தையை எடுத்துப் பேசும்போது அது வேறு வார்த்தை ஆகிவிடுகிறது.

இன்னொரு புத்தகம் இன்னும் சங்கடமானது. கெர்ஹார்ட் கிட்டல் பதிப்பித்த புதிய ஏற்பாட்டுச் சொல் அகராதி, தடித் தடியான தொகுதிகளாக இறையியல் நூலகங்களில் வரிசையாக நிற்கும். மாணவன் அதிலிருந்து எடுத்து எழுதினால் மதிப்பெண் கூடும். அந்தக் கிட்டல் 1933-ல் நாசிக் கட்சியில் சேர்ந்தார். யூதப் பிரச்சினை என்று தலைப்பிட்டு அதே வருஷம் ஒரு புத்தகம் போட்டார். அகராதியைத் தூக்கிப்போடு என்று நான் சொல்லமாட்டேன். அதில் எழுதியவர்கள் பலர், எல்லாரும் ஒரே மாதிரி ஆள் இல்லை. ஆனால் முற்கால யூத சமயம் வறண்டுபோய்க் கிடந்தது என்று அதில் ஒரு கட்டுரை சொன்னால், சொல்கிறவன் யார், எந்த வருஷம் என்று பார்த்துவிட்டு நம்பு என்பேன்.

லுத்தரன் சபையிலிருந்து வந்த மாணவர்களிடம் 1543-ஐப் பற்றிப் பேசாமல் முடியாது. தரங்கம்பாடியில் 1706-ல் மிஷனரி சீகன்பால்க் வந்து இறங்கியதிலிருந்து லுத்தர் நம் வீட்டுப் பெரியவர். அந்தப் பெரியவர் 1523-ல் இயேசு யூதராகப் பிறந்தார் என்று நட்போடு எழுதினார். இருபது வருஷம் கழித்து யூதரின் ஜெபஆலயங்களைக் கொளுத்தச் சொல்லி எழுதினார். 1938 நவம்பரில் ஜெர்மனியில் உண்மையாகவே கொளுத்தினார்கள். துரிங்கியாவின் பிஷப் மார்ட்டின் சாஸே, லுத்தரின் பிறந்தநாளிலேயே ஜெபஆலயங்கள் எரிவதாகச் சந்தோஷப்பட்டு, லுத்தர் எழுதியதைத் தொகுத்துச் சிறு நூலாக அச்சடித்தார். அமெரிக்க லுத்தரன் சபை 1994-ல் அந்த எழுத்துக்களை வெளிப்படையாகத் தள்ளியது. கத்தோலிக்கர் 1965 அக்டோபர் 28-ல் வத்திக்கான் சங்கத்தில், இயேசுவின் பாடுகளுக்கு அன்றைய யூதர் எல்லாரையும், இன்றைய யூதரையும் பொறுப்பாக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். அதற்கும் முன்னால், 1947-ல், போர் முடிந்த சூட்டோடு சுவிட்சர்லாந்தின் சீலிஸ்பெர்க்கில் கூடியவர்கள் பிரசங்கிகளுக்கும் போதகர்களுக்கும் பத்து அம்சங்கள் எழுதினார்கள். நான் அதை ஒற்றைத் தாளில் தமிழில் எழுதி மாணவர்களுக்குக் கொடுப்பேன். இயேசு யூதத் தாய்க்குப் பிறந்தவர் என்பதும் அதில் ஒன்று. இதையெல்லாம் சொல்லவா வேண்டும் என்று கேட்பவர்கள், தங்கள் சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்தைப் போய்ப் பார்க்கட்டும்.

நாடகம் என்றவுடன் ஒரு பையன் ஞாபகம் வருகிறான். ஒரு சேகரத்தில் பெரிய வெள்ளிக்காக வாலிபர்கள் நாடகம் போட்டார்கள். பிரதான ஆசாரியன் காய்பாவாக நடித்தவன் பிளஸ் டூ முடித்தவன். பஞ்சுத் தாடி, கறுப்பு அங்கி. எம்.என். நம்பியார் மாதிரி உள்ளங்கையைப் பிசைந்துகொண்டு, ஒரு பக்கக் கண்ணைச் சுருக்கி, “ஹ ஹ ஹா” என்று சிரித்தான். ரோம ஆளுநர் பிலாத்துவாக வந்தவனோ வெள்ளைச் சட்டையில், நம்ம கலெக்டர் மாதிரி, மனசு கஷ்டப்பட்டுக் கை கழுவினான். ஒத்திகை முடிந்து டீ குடிக்கும்போது காய்பாவைக் கூப்பிட்டேன்.

“தம்பி, காய்பா எதுக்கு இயேசுவைப் பிடிக்கணும்னு நெனைக்கிறார்?”

“கெட்டவன்லா ஐயா.”

“கெட்டவன் சரி. என்ன பயம் அவனுக்கு?”

யோவான் 11-ஐ எடுத்து அவனையே படிக்கச் சொன்னேன். இவனை விட்டுவைத்தால் ரோமர் வந்து நம்முடைய இடத்தையும் ஜனத்தையும் அழித்துப்போடுவார்கள் என்பது அந்தச் சங்கத்தின் பயம். அப்புறம் அவனுக்குக் கொஞ்சம் சரித்திரம் சொன்னேன். பிரதான ஆசாரியனை நியமிக்கிறதும் இறக்குகிறதும் ரோம ஆளுநர் கையில். பண்டிகைக்குப் போடுகிற பரிசுத்த அங்கியையே ரோமர்கள் அந்தோனியாக் கோட்டையில் பூட்டி வைத்திருந்தார்கள். பண்டிகை வந்தால் வாங்கிக்கொண்டு போகவேண்டும், முடிந்தால் திருப்பிக் கொடுக்கவேண்டும். பஸ்காவுக்கு ஊர் நிரம்பி வழிகிறது, சிப்பாய்கள் ஆலய மண்டபத்தின்மேல் நிற்கிறார்கள். ஒரு கலகம் வந்தால் ஆயிரம் பேர் சாவார்கள். இது யோசேபு என்ற யூத வரலாற்றாசிரியன் எழுதிவைத்தது.

பையன் கொஞ்ச நேரம் டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தான். “அப்போ கலவரம் வந்திரும்னு பயந்து ஒரு ஆளைக் காட்டிக் குடுக்கிற ஊர்த்தலைவர் மாதிரியா ஐயா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். பெரிய வெள்ளியன்று அவன் சிரிக்கவே இல்லை. பேசும்போது அடிக்கடி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான், சிப்பாய் வருகிறானா என்று பார்க்கிற மாதிரி. அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பஞ்சாயத்து முன்னாள் தலைவர் நாடகம் முடியும்வரை அசையவில்லை.

பிலாத்துவின் வெள்ளைச் சட்டையை மாற்றுவதுதான் கஷ்டமாக இருந்தது. நம் ஜனங்களுக்கு அவர்மேல் ஒரு பரிதாபம். விசுவாசப் பிரமாணத்தை வாராவாரம் சொல்கிறோம். இயேசுவின் பாடுகளோடு அதில் சேர்ந்து வருகிற ஒரே பெயர் பிலாத்து. காய்பா இல்லை, யூதர் என்ற சொல்லும் இல்லை. சிலுவை ரோமரின் தண்டனை. ரோம வரலாற்றாசிரியர் தாசித்து, கிறிஸ்து பொந்தியு பிலாத்துவின் கையில் மரணதண்டனை அடைந்தார் என்றே எழுதுகிறார். பலியிட வந்த கலிலேயரின் இரத்தத்தை அவர்கள் பலிகளோடு கலந்தவன் இந்தப் பிலாத்து என்று லூக்கா 13-இல் இருக்கிறது. சமாரியரைக் கூட்டமாக வெட்டியதற்காகவே கடைசியில் பதவி போயிற்று. இவனை மனசாட்சி உறுத்துகிற நல்ல அதிகாரி ஆக்கிவிட்டு, பழியை முழுசாகக் கூட்டத்தின் தலையில் போடுகிற வேலையைச் சபை ரொம்பக் காலமாகச் செய்துவருகிறது. ஜெர்மனியில் ஓபராமர்காவ் கிராமத்தில் 1634-லிருந்து பாடுகளின் நாடகம் போடுகிறார்கள். 1934-ல் ஹிட்லர் வந்து பார்த்து ரசித்த நாடகம் அது. 1990-லிருந்து அதை நடத்துகிற கிறிஸ்டியான் ஸ்டூக்கல், சண்டைபோட்டு ஒவ்வொன்றாக மாற்றினார். இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் என்ற கூச்சலை எடுத்தார். கூட்டத்தில் இயேசுவை விடச்சொல்லிக் கத்துகிறவர்களையும் சேர்த்தார். முன்னூறு வருஷ நாடகத்தையே மாற்றலாம் என்றால் நம் வாலிபர் சங்க நாடகம் எம்மாத்திரம்.

பெரிய வெள்ளியின் மும்மணி ஆராதனையில் யோவான் 18, 19 வாசிக்கும்போது “யூதர்கள், யூதர்கள்” என்று வந்துகொண்டே இருக்கும். வேத வாக்கியத்தை நான் மாற்றமாட்டேன். அது என் அதிகாரத்தில் இல்லை. ஆனால் வாசிப்புக்கு முன்னால் ஒரு நிமிஷம் பேசுவேன். இந்தக் கதையில் இயேசு யூதர், மரியாள் யூதப் பெண், பேதுருவும் யோவானும் யூதர். சரீரத்தைக் கேட்டு வாங்கி அடக்கம்பண்ணிய யோசேப்பும் நிக்கொதேமுவும் யூத ஆலோசனைச் சங்கத்து ஆட்கள். இதை எழுதினவருடைய கூட்டத்துக்கும் ஜெபஆலயத்துக்கும் நடுவில் அப்போது மனஸ்தாபம் இருந்தது, அந்தச் சூடு எழுத்தில் தெரியும். இவ்வளவே. சில சபைகளில் மூப்பர்கள் இதை ரசிக்கவில்லை. “வேதத்துக்கு முன்னுரை எதுக்கு ஐயரே?” என்று ஒருவர் கேட்டார். பாட்டுக்கு முன்னால் பல்லவி எடுத்துக்கொடுக்கவில்லையா என்றேன். அவர் சமாதானமாகவில்லை.

பரிசேயனும் ஆயக்காரனும் கதையைப் பற்றி ஒரு வார்த்தை. பரிசேயன் தன் சம்பாத்தியம் எல்லாவற்றிலும் தசமபாகம் கொடுக்கிறவன். இந்த ஞாயிறு அவனைப் பிரசங்க பீடத்திலிருந்து திட்டிவிட்டு, அடுத்த ஞாயிறு தசமபாகம் கொடுங்கள் என்று கேட்கிறோம். ஆயக்காரன் யாரோ பாவப்பட்ட ஏழை இல்லை; ரோமருக்காகச் சொந்த ஜனத்தைப் பிழிந்தவன். தேவன் அவனை மன்னிக்கிறார் என்பது கேட்பவருக்குக் கோபம் வரவேண்டிய இடம். பரிசேயனைக் கோமாளி ஆக்கினால் அந்தக் கோபம் வராது.

கொடிய தோட்டக்காரர் உவமைக்கும் ஒரு பழைய பாதை உண்டு: யூதரிடமிருந்து தோட்டம் பிடுங்கப்பட்டது, நமக்குக் கிடைத்தது, ஸ்தோத்திரம். மத்தேயு 21-ஐக் கடைசிவரை படித்தால், தங்களைத்தான் சொல்கிறார் என்று புரிந்துகொள்வது பிரதான ஆசாரியரும் பரிசேயரும், அதாவது பொறுப்பில் இருந்தவர்கள். ஜனங்களோ இயேசுவைத் தீர்க்கதரிசி என்று எண்ணினார்கள், அவர்களுக்கு இவர்கள் பயந்தார்கள். அந்த ஜனங்களும் யூதர்தான். தோட்டக்காரர் என்றால் பொறுப்பில் இருந்துகொண்டு அடுத்தவன் சொத்தைத் தன் சொத்தாக நினைக்கிறவர்கள். ஒரு தேர்தல் வருஷத்தில் இதைப் பிரசங்கித்தேன். யூதர் என்ற சொல் ஒருதரமும் வரவில்லை. சபைக்கு எழுதிவைத்த நிலமும், குத்தகையும், பள்ளிக்கூடப் பணி நியமனமும் வந்தன. ஆராதனை முடிந்து கைகுலுக்க வாசலில் நின்றால் சிலர் பக்கவாட்டு வாசல் வழியாகப் போய்விட்டார்கள். பழைய பாதையில் போயிருந்தால் அன்றைக்கு எனக்கு மத்தியானச் சாப்பாடு அவர்கள் வீட்டில்.

இவ்வளவும் பேசினால், நம் கன்வென்ஷன் பந்தல்களில் யூதரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்களே என்பார்கள். உண்மைதான். இஸ்ரேல் கொடி பறக்கும், கடைசிக்காலத் தீர்க்கதரிசனம் பேசுவார்கள். அரசு மானியத்தில் எருசலேமுக்குப் போய்வந்து யோர்தான் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதே ஆள் பெரிய வெள்ளியன்று “கிறிஸ்துவைக் கொன்ற யூதர்கள்” என்பார், கடன் திருப்பிக் கேட்கிறவனை “யூதன்” என்பார். பந்தலில் வருகிற யூதர் கடைசிக்காலக் கடிகாரம் காட்டுகிற பொம்மை, பிரசங்கத்தில் வருகிறவர் வில்லன். சமையல் செய்து, பிள்ளையைத் திட்டி, ஓய்வுநாளுக்கு விளக்கேற்றுகிற மனுஷர் இரண்டிலும் இல்லை. இஸ்ரேல் அரசாங்கம் பாலஸ்தீனருக்குச் செய்வதைக் கண்டிக்க ஆயருக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. அந்தப் பாலஸ்தீனரில் நம் சகோதரக் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். கண்டிக்கும்போது அரசாங்கத்தின் பெயரைச் சொல்லவேண்டும். காய்பாவையும் யூதாஸையும் அதற்குள் இழுத்துவந்தால் பேச்சு அரசியலும் ஆகாது, சுவிசேஷமும் ஆகாது.

போன லெந்து காலத்தில் ஒரு சேகரத்தில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வேதபாடம் எடுக்கக் கூப்பிட்டார்கள். இதில் கொஞ்சத்தைச் சொன்னேன். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியம்மா, வேதத்தைத் தலைகீழாகச் சொல்கிறவர், கையைத் தூக்கினார்.

“எல்லாஞ் சரி ஐயா. அப்போ யூதர் மோட்சத்துக்குப் போவாங்களா, மாட்டாங்களா?”

ரோமர் 9-லிருந்து 11 வரை பவுல் இதே கேள்வியோடு மல்லுக்கட்டுகிறார் என்றேன். தேவன் கொடுத்த வரத்தையும் அழைப்பையும் திரும்ப வாங்குவதில்லை என்கிறார். ஒட்டப்பட்ட காட்டொலிவக் கிளை அடிமரத்தைப் பார்த்துப் பெருமை பேசக்கூடாது என்று நம்மை எச்சரிக்கிறார். கடைசியில் விடையை முடிச்சுப் போட்டுக் கொடுக்காமல், தேவனுடைய வழிகளை யார் ஆராய முடியும் என்று துதியில் முடித்துவிடுகிறார்.

பாட்டியம்மா விடவில்லை. “அது பவுல் சொன்னது. உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதும்மா.”

“அதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா” என்றவர், பக்கத்தில் இருந்தவரிடம் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, “சரி, ஒன்பதாம் அதிகாரத்திலிருந்து வாசிங்க, பாப்போம்” என்றார். அன்றைக்குப் பத்தாம் அதிகாரத்தோடு நேரம் முடிந்துவிட்டது. அடுத்த வாரமும் வரச்சொன்னார்கள்.